சும்மா ஏரிக்கரைக்கு

தண்டபாணி வீட்டில் ஹைதராபாத்தின் ஹுசைன் சாகர் ஏரிப் பக்கம் யாரும் காரணமில்லாமல் போனதே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் ஊரே பிள்ளைகுட்டிகளை அள்ளிக்கொண்டு அந்த ஏரிக்கரைக்குத்தான் ஓடும். படகு, பலூன், சுட்ட சோளம், பிரியாணி, ஐஸ்கிரீம் என்று இருட்டும் வரை கூத்தடித்துவிட்டு வீட்டுக்கு வரும். லாலாகுடாவில் இருக்கிற இந்த வீட்டில் மட்டும் கதை வேறு. வள்ளியம்மாள் காலையில் காபியை ஆற்றிக்கொண்டே, "ரோகிணி, சாயங்காலம் டேங்க்பண்ட் பக்கம் சும்மா போயிட்டு வரலாமா?" என்று கேட்டால், மகள் வாயைத் திறக்காமல் பீரோவைத் திறந்து அந்த இலைப்பச்சைப் புடவையை எடுத்து வெளியே வைப்பாள். யாரோ பெண் பார்க்க வருகிறார்கள் என்று அர்த்தம்.

முதல் தடவை பார்க்க வந்தவர்கள் வீட்டுக்குத்தான் வந்தார்கள். அப்போது தண்டபாணி ரயில்வே ஒர்க்ஷாப்பில் வேலையில் இருந்தார், குடியிருந்தது குவார்ட்டர்ஸில். குவார்ட்டர்ஸ் வாழ்க்கை தெரிந்ததுதானே, இந்த வீட்டில் மிளகாய் வறுத்தால் அடுத்த வீட்டில் தும்முவார்கள். வந்தவர்கள் கேசரி, பஜ்ஜி, இரண்டு சுற்று காபி எல்லாவற்றையும் திருப்தியாகச் சாப்பிட்டுவிட்டு, "ஊருக்குப் போய் போன் பண்றோம்" என்று கிளம்பினார்கள். போனவர்கள் போனவர்கள்தான். அப்புறம் ஒரு மாதம் முழுக்க வரிசையில் இருந்த அத்தனை வீடும் "என்னாச்சு, என்னாச்சு" என்று கேட்டுத் தீர்த்தது. தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில் கேட்டார்கள், கோயிலில் பிரசாதம் வாங்குகிற இடத்தில் கேட்டார்கள். வள்ளியம்மாள் அன்றைக்கு ஒரு முடிவெடுத்தாள். இனி எந்த ராஜா வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் வீட்டுப் படியேறக் கூடாது, ஏரிக்கரையில் பார்த்துக்கொள்ளட்டும். பிடித்தால் சரி. பிடிக்கவில்லையென்றால், நாம் சும்மா காற்று வாங்கப் போனோம், வந்தோம். யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

அந்த நாடகத்தைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். நெக்லஸ் ரோட்டில் தண்ணீரை ஒட்டிச் சாப்பாட்டுக் கடைகள் வரிசையாக இருக்கும், எதிரே திறந்தவெளியில் மேஜை நாற்காலிகள் கிடக்கும். இவர்கள் முன்னாலேயே போய், கம்பித் தடுப்பை ஒட்டிய மூலை மேஜையைப் பிடித்துக்கொள்வார்கள். கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளை வீட்டார் அந்தப் பக்கமாக உலாத்திக்கொண்டு வருவார்கள். "அட, நீங்களா!" என்று தண்டபாணி எழுந்து நிற்பார். "சும்மாதான் வந்தோம்" என்பார்கள் அவர்கள். "நாங்களும் சும்மாதான்" என்பார் இவர். இரண்டு பேரும் ஒரு வாரமாகப் போனில் பேசி நேரம் குறித்தவர்கள் என்பது அங்கே பலூன் விற்கிறவனுக்குக்கூடத் தெரிந்திருக்கும்.

சட்டதிட்டங்கள் வேறு. ரோகிணி ஏரிக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும். சாயங்கால வெயில் எதிரே ரோட்டுப் பக்கத்திலிருந்து வருகிறது, அது முகத்தில் விழுந்தால்தான் நிறம் கொஞ்சம் தூக்கிக் காட்டும் என்பது வள்ளியம்மாளின் கண்டுபிடிப்பு. கையால் பிசைந்து சாப்பிடுகிற எதையும் தொடக் கூடாது. மிளகாய் பஜ்ஜி கூடவே கூடாது, கண்ணில் தண்ணீர் வந்தால் மை கலைந்துவிடும். அவளுக்கென்று வருவது எப்போதும் ஸ்வீட் கார்ன் சூப், அதிலும் பாதியை மிச்சம் வைக்க வேண்டும். படகுப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது, புடவை நனைந்துவிடும். எதிரே உட்கார்ந்தவர்கள் ஏரியையும் நடுவில் நிற்கிற புத்தரையும் பார்த்து "ஆஹா, என்ன காத்து!" என்று சொல்லிக்கொண்டே பிரியாணியை ஒரு பிடி பிடிப்பார்கள். இத்தனை வருஷமாகப் போய் வந்த ரோகிணியிடம் அந்த ஏரி எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டிருந்தால், அதன் நாற்றத்தை மட்டும்தான் அவளால் சொல்லியிருக்க முடியும்.

ஏன் ஒன்றும் அமையவில்லை என்றால், ஆளுக்கொரு காரணம். ஜாதகத்தில் செவ்வாய் என்றார்கள். நிறம் என்றார்கள், அதை மட்டும் வாய்விட்டுச் சொல்லாமல் "போட்டோவில் வேற மாதிரி இருந்தாங்க" என்றார்கள். வேலூர்ப் பக்கத்திலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த ஒரு பையனின் அம்மா, சூப் கிண்ணத்தைக் காட்டி, "இன்னும் கொஞ்சம் ஊத்தவாம்மா?" என்று ஆசையாகக் கேட்டாள். ரோகிணி பதற்றத்தில், "நக்கோ அத்தை" என்று சொல்லிவிட்டாள். வேண்டாம் என்பதற்கு லாலாகுடாவில் எல்லார் வாயிலும் வருகிற வார்த்தைதான் அது. அந்த அம்மாளுக்கு முகம் மாறிவிட்டது. "பொண்ணு பேசற தமிழ் ஒரு மாதிரி இருக்குதே" என்று பிறகு சொல்லியனுப்பினார்களாம். பூர்வீகமான அரக்கோணத்துச் சொந்தக்காரர்களுக்கு அவள் ஹைதராபாத்காரி. ஹைதராபாத்காரர்களுக்கு அவள் மெட்ராஸ்காரி. இரண்டு பக்கமும் சேர்த்தி இல்லாமல் வயது மட்டும் முப்பத்தாறு ஆகிவிட்டது.

அவமானத்தைக் குவார்ட்டர்ஸிலிருந்து ஏரிக்கரைக்கு மாற்றிவிட்டால் அது அவமானம் இல்லை என்று வள்ளியம்மாள் நம்பினாள். அவளைக் குறை சொல்லி என்ன ஆகப் போகிறது, அவளுக்குத் தெரிந்த வழி அது. ஆனால் திரும்பி வருகிற ஆட்டோவில் மகள் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள் என்று அவள் ஒரு நாளும் கவனித்ததில்லை. ரோகிணி தன் மடியைத்தான் பார்த்துக்கொண்டு வருவாள்.

அவளுக்கு வேறொரு உலகமும் இருந்தது. திருமுல்கேரியில் ஒரு தனியார் லேபில் ரத்தம் எடுக்கிற வேலை. காலையில் வெறும் வயிற்றோடு வருகிற பெரியவர்களால் பிரச்சினை இல்லை, குழந்தைகள்தான் பாடாய்ப் படுத்தும். ஊசியைப் பார்த்ததும் வீடு வரைக்கும் கேட்கிற மாதிரி கத்தும். கூட வருகிற அம்மாக்கள் எல்லாரும் ஒரே பொய்யைத்தான் சொல்வார்கள்: "ஒண்ணுமில்லடா கண்ணா, ஆண்ட்டி சும்மா பாப்பாங்க." ரோகிணிக்கு அந்த "சும்மா"வைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். அவள் அந்த அம்மாக்களை நகரச் சொல்லிவிட்டு, குழந்தையின் முகத்துக்கு நேராகக் குனிந்து சொல்வாள். "வலிக்கும். எறும்பு கடிக்கிறதவிட கொஞ்சம் ஜாஸ்தியா வலிக்கும். ஆனா சீக்கிரம் போயிடும். அழணும்னா அழு, கைய மட்டும் ஆட்டாத." குழந்தை அவளை ஒரு தடவை உற்றுப் பார்க்கும். பிறகு கையை நீட்டிவிடும்.

"உங்கிட்ட மட்டும் எப்பிடி கைய நீட்டுதுங்க?" என்று ரசீது போடுகிற சபீனா கேட்பாள். திருமுல்கேரியிலேயே பிறந்து வளர்ந்தவள் அவள், ரோகிணிக்கு இருக்கிற ஒரே தோழி.

"பொய் சொல்லாததால நீட்டுதுங்க" என்பாள் ரோகிணி. தன்னிடம் பெருமைப்பட்டுக்கொள்ள ஒரு விஷயம் இருக்கிறதென்றால் அது இதுதான் என்று அவள் நினைத்திருந்தாள்.

இப்படி இருக்கும்போதுதான் நந்தகுமாரின் ஜாதகம் வந்தது. குடியாத்தத்துக்காரர், உப்பலில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். மனைவி டெங்குக் காய்ச்சலில் இறந்துபோய் இரண்டு வருஷம் ஆகிவிட்டது. ஏழு வயதில் மாதங்கி என்று ஒரு பெண் குழந்தை. நந்தகுமாரின் அக்கா மங்கையர்க்கரசி கூட இருந்து பார்த்துக்கொள்கிறாள், ஆனால் அவளுக்கும் ஊரில் குடும்பம் இருக்கிறது, எத்தனை நாளைக்கு இருக்க முடியும்? வள்ளியம்மாள் போட்டோவைக் காட்டிவிட்டு, "ரெண்டாந்தாரம்தான். யோசிச்சிக்கோ" என்றாள். முகத்தைக் காட்டாமல் அடுப்படிக்குப் போய்விட்டாள். தண்டபாணி பேப்பரைப் பார்த்தபடியே, "மனசுக்கு நக்கோன்னா நக்கோ தான்மா" என்றார். ஞாயிற்றுக்கிழமை அம்மா கேட்பதற்கு முன்னாலேயே ரோகிணி பச்சைப் புடவையை எடுத்து வைத்தாள்.

அதே மூலை மேஜை, அதே "அட, நீங்களா!" எல்லாம் நடந்தது. நந்தகுமார் வியர்த்துப்போயிருந்தார். இந்த நாடகத்தில் அவருக்குப் பழக்கமில்லை என்று தெரிந்தது, "சும்மாதான் வந்தோம்" என்று சொல்லும்போதே முகம் சிவந்துவிட்டது. மாதங்கி வந்ததிலிருந்து "போட், போட்" என்று அத்தையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். படகில் போகத்தான் கூட்டிவந்ததாகச் சொல்லியிருந்தார்கள் போல. வீட்டில் தமிழ் பேசினால் புரிந்துகொள்ளும், பதில் மட்டும் தெலுங்கில் வரும்.

"நீங்க என்ன சாப்பிடறீங்க?" என்று நந்தகுமார் ரோகிணியைக் கேட்டார்.

"அவ சூப்பு குடிப்பா" என்றாள் வள்ளியம்மாள்.

"அவங்களையே சொல்லச் சொல்லுங்களேன்."

ரோகிணி நிமிர்ந்து பார்த்தாள். அந்த இடத்தில் அவளை ஒருவர் அப்படிக் கேட்டதே இல்லை. "மிளகா பஜ்ஜி" என்றாள். வள்ளியம்மாள் மேஜைக்கு அடியில் மகளின் காலை மிதித்தாள். பஜ்ஜி வந்தது. முதல் கடியிலேயே கண்ணில் நீர் முட்டியது, நந்தகுமார் சிரித்துக்கொண்டே தண்ணீர் பாட்டிலைத் திறந்து நகர்த்தி வைத்தார். பெரிய விஷயமில்லைதான், யாரும் செய்யக்கூடியதுதான். ஆனால் ரோகிணிக்கு அந்த இடத்திலேயே ஆசை வந்துவிட்டது. இத்தனை வருஷமும் தன்னை யாராவது தேர்ந்தெடுத்தால் போதும் என்றுதான் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்குத்தான் முதன்முதலாக, இது எனக்கு வேண்டும், இந்த மனிதரும் இந்தக் குழந்தையும் எனக்கு வேண்டும் என்று தோன்றியது.

மங்கையர்க்கரசி விவரமான பெண்மணி. "படகு படகுன்னு உயிரை வாங்குது. ரோகிணி, நீ கொஞ்சம் கூட்டிட்டுப் போயேம்மா. உங்கூடப் பழகின மாதிரியும் இருக்கும்" என்றாள். வள்ளியம்மாள் புடவையைப் பார்த்தாள், மகள் முகத்தைப் பார்த்தாள், சரியென்று தலையாட்டிவிட்டாள்.

படகுத்துறை பக்கத்திலேயேதான் இருந்தது. குடும்பம் குடும்பமாக ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருகிற மோட்டார் படகு. மாதங்கி ரோகிணியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினாள், ஏறிய பிறகும் விடவில்லை. சுட்ட சோளம் ஒன்றை இரண்டு பேரும் மாற்றி மாற்றிக் கடித்தார்கள். உப்பும் மிளகாய்ப்பொடியும் தடவி எலுமிச்சம்பழம் தேய்த்தது. தண்ணீர் சுத்தமில்லை, பாசி நிறத்தில் கனத்துக் கிடந்தது. ஆனாலும் எவ்வளவு பெரிய ஏரி! இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஊர் முழுவதும் அதைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. புடவையின் கரை நனைந்தது. நனையட்டும் என்று விட்டுவிட்டாள்.

"ஆண்ட்டி, நீங்க எங்களுக்குச் சுட்டமா?" என்று மாதங்கி கேட்டாள். சொந்தக்காரியா என்று கேட்கிறாள்.

"இல்லடா."

"அப்ப எதுக்கு எங்ககூட வந்தீங்க? டாடி ஃப்ரெண்டா? டாடியும் அத்தையும் சொன்னாங்க, நாம ஊரிகே வந்தோம்னு. போட்ல போக ஊரிகே வந்தோம்னு." சும்மா என்பதற்குத் தெலுங்கில் ஊரிகே. வார்த்தை வேறு, பொய் ஒன்றுதான்.

ரோகிணி ஏதாவது சொல்லி மழுப்பியிருக்கலாம். அதோ பார் புத்தர், அதோ பார் கொடி என்று கையைக் காட்டியிருக்கலாம். பெரியவர்கள் எல்லாரும் அதைத்தான் செய்வார்கள், அதில் ஒரு பாவமும் இல்லை. ஆனால் குழந்தை அவளை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தது. லேபில் குழந்தைகள் கையை நீட்டுவதற்கு முன்னால் பார்க்கிற அதே பார்வை. அவள் குழந்தையின் முகத்துக்கு நேராகக் குனிந்தாள்.

"நான் உண்மையைச் சொல்றேன், சரியா? உங்க டாடியும் நானும் ஒருத்தரை ஒருத்தர் பாக்கத்தான் வந்திருக்கோம். எல்லாருக்கும் புடிச்சிருந்தா, நான் உங்க வீட்டுக்கு வந்து உங்ககூடவே இருப்பேன். உனக்கும் புடிக்கணும்."

மாதங்கி சோளத்தைக் கடிப்பதை நிறுத்தினாள். "அம்மாவோட ரூம்லயா?"

"அம்மா இடத்துக்கு யாராலயும் வர முடியாதுடா. நான் பக்கத்துல இருப்பேன். முதல்ல கொஞ்சம் கஷ்டமா இருக்கும். அப்பறம் சரியாயிடும்."

குழந்தை கையை எடுத்துக்கொண்டது. கரை வருகிற வரைக்கும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தது. அழணும்னா அழு என்று சொல்ல ரோகிணிக்கு வாய் வரவில்லை. ஊசி குத்துவது ஒரு நிமிஷம், முடிந்தால் பஞ்சை வைத்து அழுத்திவிட்டு அம்மா தூக்கிக்கொண்டு போய்விடுவாள். இங்கே தூக்கிக்கொள்ள அந்தக் குழந்தைக்கு அம்மா இல்லை. இது ரோகிணிக்கு உறைத்தபோது படகு கரை தட்டிவிட்டது.

மேஜைக்குப் போனதும் மாதங்கி அப்பாவின் முன்னால் நின்றாள். "ஊரிகேன்னு சொன்னீங்களே டாடி! அபத்தம் சொன்னீங்க!" என்றாள். பொய் சொன்னீர்கள் என்று சொல்லிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து வீறிட்டு அழுதாள். சுற்றிலும் பிறந்தநாள் கேக் வெட்டிக்கொண்டிருந்தவர்கள், செல்பி எடுத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நந்தகுமார் குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். யாரையும் கோபித்துக்கொள்ளவில்லை. ரோகிணியை ஒரு தடவை பார்த்தார், அவ்வளவுதான். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால்கூட அவளுக்குப் பரவாயில்லையாக இருந்திருக்கும்.

நாலைந்து நாள் கழித்து மங்கையர்க்கரசி போன் செய்தாள். வள்ளியம்மாள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"தப்பா எடுத்துக்காதீங்கக்கா. உங்க பொண்ணு மேல ஒரு குறையும் இல்ல. என் தம்பிக்கும் புடிச்சிதான் இருந்திச்சி. ஆனா கொழந்த சரியா சாப்பிட மாட்டேங்குது, அவங்கம்மா போட்டோவ எடுத்து வச்சிக்கினு தூங்குது. மெதுவா நாங்களே சொல்லிக்கலாம்னு இருந்தோம். அதுக்குள்ள... எதுக்குக்கா அந்தப் புள்ளகிட்ட போய் அதெல்லாம் சொல்லணும்? உங்க பொண்ணு பேரைச் சொன்னாலே முகத்தத் திருப்பிக்குது. தம்பி வேணாம்னு சொல்லிட்டான்."

போனை வைத்ததும் வள்ளியம்மாள் மகளைப் பார்த்தாள். "கைக்குடி சொன்ன? எதுக்குடி? உன்ன யார் கேட்டா? ஒரே ஒரு சாயங்காலம் வாயை மூடிக்கினு இருக்க முடியல இல்ல உன்னால?"

"அவதாம்மா கேட்டா."

"கேட்டா? கொழந்த ஆயிரம் கேக்கும்! எத்தன வருஷமா நானும் சும்மா சும்மான்னு சொல்லிக்கினு உன்ன கூட்டிக்கினு போறேன். நான் இன்னா பைத்தியக்காரியா?" அவள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். மகளைத் திட்டுகிறாளா தன்னையே திட்டிக்கொள்கிறாளா என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

தண்டபாணி எழுந்துவந்து மகள் பக்கத்தில் உட்கார்ந்தார். "லேபுல சொல்ற மாதிரி சொல்லிட்டியா மா?" என்று மட்டும் கேட்டார்.

"ஹவ்ப்பா, ஆமா" என்றாள் ரோகிணி. இதுவரைக்கும் எத்தனை பேர் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள், ஒருவருக்காகவும் அவள் அழுததில்லை. அப்பா தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அன்றைக்கு அழுதாள். கையில் வைத்துப் பார்த்ததைத் தானே கீழே போட்டு உடைத்தவளுக்கு வேறு என்ன செய்யத் தெரியும்?

அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் ஏரிக்கரைப் பேச்சை எடுக்கவில்லை. வள்ளியம்மாள் ஜாதகக் கட்டை எடுத்துச் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவிட்டாள். பச்சைப் புடவையின் கரையில் ஏரித் தண்ணீரின் கறை போகவே இல்லை, ரோகிணி அதை லேபுக்கே கட்டிக்கொண்டு போக ஆரம்பித்தாள். அங்கேயும் வேலை முன்போல் ஓடவில்லை. குழந்தைகளிடம் குனிந்து "வலிக்கும்" என்று சொல்ல வாய் வருவதற்குள் ஒரு தயக்கம் வந்துவிடும். குழந்தைகளுக்கு அந்தத் தயக்கம் எப்படியோ தெரிந்துவிடுகிறது, கையை இழுத்துக்கொண்டார்கள்.

சபீனா இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். மழையெல்லாம் ஓய்ந்து நல்ல காற்று வீசத் தொடங்கியிருந்த ஒரு வாரக் கடைசியில், "ஞாயித்துக்கிழமை பசங்கள கூட்டிக்கிட்டு நெக்லஸ் ரோடு போறேன். நீயும் வர்ற" என்றாள்.

"நான் நக்கோ."

"கைக்கு நக்கோ? உன்ன யாரும் பாக்க வரப்போறதில்ல. பவுடர் போட வேணாம், புடவ கட்ட வேணாம். சும்மா வந்து தின்னுட்டுப் போ. வாழ்க்கைல ஒரு தடவையாவது அந்த ஏரிய நல்லா உக்காந்து பாரு."

போனாள். பழைய சுடிதார் ஒன்றைப் போட்டுக்கொண்டு போனாள். அந்த இடமேதான், ஆனால் மூலை மேஜைப் பக்கம் போகாமல் கடைகளை ஒட்டி உட்கார்ந்தார்கள். ஏரியைப் பார்த்தபடி நாற்காலியைப் போட்டுக்கொண்டு ஒரு தட்டு மிளகாய் பஜ்ஜி வாங்கிக்கொண்டாள். சபீனாவின் பையன்கள் இரண்டு பேரும் சாஸ் பாட்டிலுக்குச் சண்டை போட்டார்கள். தண்ணீரில் வெயில் விழுந்து தூரத்தில் படகுகள் போய்க்கொண்டிருந்தன. நன்றாகத்தான் இருந்தது. இத்தனை நாள் இதை விட்டுவிட்டோமே என்று அவளுக்கு நிஜமாகவே வருத்தமாக இருந்தது, அது ஒரு நல்ல வருத்தமாகவும் இருந்தது.

அப்போதுதான் மூலை மேஜையில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தாள். ஏரிக்கு முதுகு காட்டி, ரோஜா நிறப் புடவையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முகத்தில் வெயில் அடித்தது. அவள் முன்னால் ஏதோ பாதி குடித்த பழரசம். அவளுக்கு இரண்டு பக்கமும் அம்மா அப்பா. எதிரே மங்கையர்க்கரசி. அவளுக்குப் பக்கத்தில் நந்தகுமார், கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். நந்தகுமாருக்குப் பக்கத்தில் மாதங்கி.

அந்தக் குழந்தைக்குப் பட்டுப்பாவாடை கட்டி, தலையை இழுத்து வாரிப் பூ வைத்திருந்தார்கள். முதுகை நிமிர்த்தி, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முன்னால் ஐஸ்கிரீம் கிண்ணம் உருகிக்கொண்டிருந்தது. படகு என்று கேட்கவில்லை. யார் கையையும் பிடித்து இழுக்கவில்லை. எதிரே இருந்த பெண் ஏதோ கேட்டதற்கு மாதங்கி பார்த்து அளவாகச் சிரித்தாள். ரோகிணிக்கு அந்தச் சிரிப்பு நன்றாகத் தெரியும். பத்துப் பதினைந்து வருஷம் அதே இடத்தில் உட்கார்ந்து அவள் சிரித்த சிரிப்பு அது.

கை கழுவுகிற இடம் கடைகளின் பக்கம்தான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் மாதங்கி தனியாக எழுந்து அங்கே வந்தாள். கழுவ வேண்டிய அளவுக்கு அவள் எதையும் தொடவில்லை, அங்கே உட்கார முடியாமல்தான் வந்திருப்பாள். திரும்பும்போது ரோகிணியைப் பார்த்துவிட்டு நின்றாள். முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்று ரோகிணி எதிர்பார்த்தாள். திருப்பிக்கொள்ளவில்லை. கிட்டே வந்தாள். கோபம் எதுவும் இல்லை, ஒரே பள்ளிக்கூடத்தில் படிக்கிற இன்னொரு பிள்ளையைப் பார்த்த மாதிரிதான் பார்த்தாள்.

"ஆண்ட்டி, இன்னிக்கு உங்கள யார் பாக்க வர்றாங்க?" என்று தெலுங்கில் கேட்டாள்.

ரோகிணி கையிலிருந்த பஜ்ஜியைத் தட்டில் வைத்தாள். "யாரும் வரலடா. இன்னிக்கு நான் சும்மாதான் வந்தேன்."

மாதங்கி அவளை உற்றுப் பார்த்தாள். உண்மையைச் சொன்ன ஒரே ஆளும் இப்போது பெரியவர்கள் பக்கம் சேர்ந்துகொண்டாள் என்று அந்த முகத்தில் எழுதியிருந்தது.

"ஊரிகே எவரு ராரு ஆண்ட்டி" என்றாள். சும்மா யாரும் வர மாட்டாங்க ஆண்ட்டி. பாவாடையைச் சரிசெய்துகொண்டு மூலை மேஜைக்குப் போனாள். அப்பா பக்கத்தில் ஏறி உட்கார்ந்து முதுகை நிமிர்த்திக் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

இந்த ஏரியைத் தன்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டது, இங்கே யாரும் சும்மா வருவதில்லை என்கிற நினைப்புதான் என்று ரோகிணிக்குத் தெரியும். அதையே எடுத்து இந்தக் குழந்தையின் கையில் கொடுத்தது தான்தான் என்பதும் அந்த நிமிஷம் அவளுக்குத் தெரிந்துபோயிற்று. அன்றைக்குப் படகில் பொய்யே சொல்லியிருக்கலாம். அதோ பார் புத்தர் என்று கையைக் காட்டியிருக்கலாம். ஒரு சாயங்காலமாவது மாதங்கி முழுச் சோளத்தையும் தின்று முடித்திருப்பாள்.

ரோகிணி எழுந்து தன் நாற்காலியைத் திருப்பிப் போட்டாள். ஏரிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். வெயில் நேராக முகத்தில் அடித்தது.

"கைக்கு திரும்பிக்கின?" என்று சபீனா கேட்டாள்.

"சும்மாதான்" என்றாள் ரோகிணி. கண்ணில் நீர் முட்டியது. மிளகாய் காரமென்று நினைத்துச் சபீனா தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தாள்.